நாற்பத்து நான்கு வயதில் ஒரு ‘எல்’ பலகை

படிவம் 1-அ எனக்குப் புதியதன்று. நாற்பது வயதைக் கடந்தவர்கள் ஓட்டுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கும்போது இணைக்க வேண்டிய மருத்துவச் சான்றிதழ் அது. பொதுமருத்துவப் பிரிவில் பணியாற்றும் நான் பல ஆண்டுகளாக அதில் கையெழுத்திட்டு வருகிறேன். சென்ற ஆண்டு அதே படிவத்தை எடுத்துக்கொண்டு, என்னைவிடப் பத்து வயது இளையவரான சக மருத்துவர் ஒருவரின் முன்னால் நோயாளியின் நாற்காலியில் அமர்ந்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “மயக்கம், தலைசுற்றல் ஏதாவது உண்டா மேடம்?” என்று கேட்டார். நாள்தோறும் நான் கேட்கும் கேள்விதான். எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து கேட்கும்போது அது வேறு விதமாக ஒலித்தது.

அதுவரை பேருந்திலும் கணவரின் வண்டியிலும் காலம் ஓடிவிட்டது. இரவு நேரத்தில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் புதுப்பட்டினத்தில் ஆட்டோ தேடி நிற்கும் நிலையை இனியும் நீட்டிக்க முடியாது என்று தோன்றிய பிறகே கார் ஓட்டக் கற்க முடிவு செய்தேன்.

பழகுநர் உரிமம், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்லும் அந்தத் தாளைப் பெற ஒரு தேர்வு உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதி அதன் பாடத்திட்டத்தைச் சொல்கிறது: சாலைக் குறியீடுகள், சைகைகள், ஒழுங்குமுறைகள், விபத்தில் எவரேனும் காயமுற்றால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா இருப்புப்பாதைக் கடவையில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். 60 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தால் போதும். உடற்கூற்றியலை மனப்பாடம் செய்து தேறியவள் நான். குறியீடுகள் அச்சிட்ட அட்டையை என் மகள் கையில் கொடுத்து, ஒரு வாரம் அவளிடம் பாடம் ஒப்பித்தேன். கணினித் தேர்வில் ஒரு விடைகூடத் தவறவில்லை. வீட்டில் அன்று பாயசம்.

மூன்றாம் நாள் பயிற்சியில், ஒரு கிளைச் சாலையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சேர வேண்டியிருந்தது. இடப்புறம் ஒரு தலைகீழ் முக்கோணம். வெள்ளைப் பரப்பு, சிவப்பு விளிம்பு. அதைப் பார்த்தேன். அதன் பெயர் ‘வழி விடுக’ என்பதும் மனத்தில் ஓடியது. கால் மட்டும் முடுக்கியிலேயே இருந்தது. பயிற்சியாளர் தம் பக்கத்தில் இருந்த பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்ற இடத்திற்கு முன்னால், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த பேருந்து ஒன்று ஒலிப்பான் அலறக் கடந்து சென்றது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “டாக்டரம்மா, அந்த போர்டு என்ன சொல்லுச்சு?” என்றார். “வழி விடுக” என்றேன். “சொல்லத் தெரியுது. கால் கேக்கலையே” என்றார்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. அந்தப் பேருந்து வந்த வேகத்தில் வந்து மோதினால் மனித உடலுக்கு என்ன நேரும் என்பதை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் கண்டவள் நான். எனக்குக் குறியீட்டின் பெயர் தெரிந்திருந்தது. அது கோரும் செயல் தெரிந்திருக்கவில்லை. மருத்துவம் பயிலும் மாணவர்களிடமும் இந்தக் குறையைக் கண்டிருக்கிறேன். நோயின் பெயரைச் சரியாகச் சொல்வார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே அட்டையை மறுபடி எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்ததும் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லிப் பழகினேன்.

அப்போதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு புரிந்தது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வடிவம் பேசிவிடுகிறது. வட்டம் என்றால் ஆணை; மீறினால் குற்றம். முக்கோணம் என்றால் எச்சரிக்கை. வளைவோ, பள்ளியோ, மாடுகளோ முன்னால் இருக்கின்றன, வேகத்தைக் குறை. செவ்வகம் என்றால் தகவல். இவற்றில் சேராமல் இரண்டு மட்டும் தனித்து நிற்கின்றன: ‘நில்’ என்னும் எண்கோணம், ‘வழி விடுக’ என்னும் தலைகீழ் முக்கோணம். இந்த இரண்டையும் சேறு மூடியிருந்தாலும் பின்புறமிருந்து பார்த்தாலும் வடிவத்தைக் கொண்டே அறியலாம். எதிர்ச்சாலையில் வருபவருக்கு நிற்கும் கடமை இருக்கிறதா என்பதைக்கூட அவருடைய பலகையின் முதுகைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நம் கடற்கரையில் இது பெரிதும் உதவும். உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து பலகைகளின் சிவப்பை வெளிறிய ரோஜா நிறமாக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, அவற்றின் மேல் சுவரொட்டி ஒட்டுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் எண்கோணப் பலகை 1920களிலேயே வந்துவிட்டது. ஆனால் 1954 வரை அது பெரும்பாலும் மஞ்சள் நிறத்திலேயே இருந்தது. வெளிறாத சிவப்புச் சாயம் அக்காலத்தில் கிடைக்காததே காரணம். உலக அளவில் குறியீடுகளைப் பொதுவாக்கும் முயற்சி 1909இல் பாரிசில் நான்கே நான்கு எச்சரிக்கைகளோடு தொடங்கி, 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் விரிவான உருவம் பெற்றது. இந்தியா 1980இல் அதில் இணைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேற்று மொழிக்காரரும் ஒரே பலகையை ஒரே பொருளில் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வடிவத்துக்கு அடுத்தது நிறம். சிவப்பு விளிம்பிட்ட வட்டம் பெரும்பாலும் ‘செய்யாதே’ என்கிறது. முழு நீல வட்டம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிறது. ஒலிப்பான் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் ஒலி எழுப்பக்கூடாது. அதே படம் நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் எழுப்ப வேண்டும். முதலாவதைத்தான் மருத்துவமனைகளின் அருகில் காண்பீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமளிக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் பின்னிரவில் சற்றே கண்ணயர்ந்த ஒருவரை வெளியே ஒலிக்கும் ஒரு நீண்ட ஹாரன் எழுப்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்களைப் போன்ற மருத்துவமனைகளுக்கு வரும் குடும்பத்தினர் அதிகம் குழம்பும் இடம் வேறொன்று. நீலப் பரப்பில் ஒரே ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது என்று பொருள். நோயாளியை இறக்கிவிட்டு உடனே நகரலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் ஒரு நொடிகூட அங்கே நிற்கக்கூடாது. “இறக்கிவிட்டு இதோ எடுத்துடறேன்” என்ற சொல்லுக்கு இரண்டாவது பலகையின் அடியில் இடமில்லை. பின்னால் 108 ஊர்தி வந்துகொண்டிருக்கலாம்.

நிறம் என்றதும் ஓர் இளைஞரின் நினைவு வருகிறது. தாயாருடன் வேறொரு காரணத்துக்காக என்னிடம் வந்தவர். நண்பர்கள் எல்லோரும் உரிமம் வாங்கிவிட, இவர் மட்டும் விண்ணப்பிக்கவே இல்லை. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்தறியவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தாயாருக்கோ, தம் வழியில் மகனுக்கு வந்த குறை என்ற வருத்தம். இக்குறைபாடு தாயிடமிருந்து பெறும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது உண்மைதான், ஆண்களிடமே மிகுதி. ஆனால் அதில் எவர் பிழையும் இல்லை. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு விதியைத் திருத்தி, இலேசான, மிதமான நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என்று அறிவித்துவிட்டது. கடுமையான குறைபாட்டுக்கு மட்டுமே தடை. கண் மருத்துவரிடம் அனுப்பினேன்; மிதமானது என்று வந்தது. வடிவங்களைப் பற்றி நான் கற்ற பாடத்தை அவரிடமும் சொன்னேன். செங்குத்தான சிக்னல் விளக்கில் சிவப்பு எப்போதும் மேலே, பச்சை கீழே என்று நான் தொடங்கியபோது, “அது எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும் டாக்டர்” என்றார்.

என் நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அறுபதைத் தாண்டியும் இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். விண்ணப்பத்தோடு வரும் படிவம் 1இல், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்ற கேள்வி இருக்கிறது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நின்றிருக்கும் காரிலிருந்து சுமார் 35 எட்டு எடுத்து வைத்து, கண்ணாடி அணிபவர் அணிந்தபடியே திரும்பிப் பாருங்கள். எழுத்துகள் கலங்கினால் கண்புரையோ விழித்திரைப் பாதிப்போ இருக்கக்கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. குறியீட்டைக் கண்டு, பொருள் உணர்ந்து, கால் அசைவதற்கு இரண்டு நொடி ஆகுமென்றால் 33 மீட்டர் கடந்திருக்கும். அருகில் வந்த பிறகே பலகை தெரிகிறவருக்கு அது பயன்படுவதில்லை.

அதே படிவம் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் பற்றியும் கேட்கிறது. ‘இல்லை’ என்று எழுதிவிடும்படி உறவினர்கள் சொல்வார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியவருக்குச் சர்க்கரை தாழும்போது, எண்கோணமும் முக்கோணமும் கண்ணில் படும். மூளை அவற்றை வாங்கிக்கொள்ளாது. வண்டியை எடுக்கும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள். பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பழகிய முகம் என்பதற்காகக் கையெழுத்து கேட்காதீர்கள். மறுப்பதில் எனக்கும் மகிழ்ச்சி இல்லை.

ஆளில்லா இருப்புப்பாதைக் கடவைகள் அகலப் பாதையில் 2019இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. விதியில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது. விபத்தில் ஓட்டுநரின் கடமை என்ற பாடம் வேறு வகை. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. உதவ வரும் வழிப்போக்கரைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்க 2019 திருத்தத்தில் 134-அ சேர்க்கப்பட்டது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின்னான முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் திட்டம் அது. தயக்கத்தில் நேரத்தை இழக்காமல் 108ஐ அழையுங்கள்.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்த பின் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். தேர்வுக்கு முந்திய வாரம், பயிற்சியாளர் வேண்டுமென்றே என்னை அதே கிளைச் சாலைக்கு அழைத்துச் சென்றார். தலைகீழ் முக்கோணம் அங்கேயே இருந்தது. வேகத்தைக் குறைத்தேன், வலப்புறம் ஒரு லாரி வருவது தெரிந்தது, நின்றேன். பின்னால் வந்த கார் ஒலிப்பானை அழுத்தியது. லாரி போயிற்று. அதன் பின்னே, மீன் கூடை கட்டிய மொபெட் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்தவர் மறுபடியும் ஒலியெழுப்பினார். பயிற்சியாளரின் கால் அவருடைய பிரேக்கின் மேல் இல்லை என்பதை அப்போது கவனித்தேன். மொபெட்டும் போன பிறகு சாலையில் ஏறினேன்.