யார் கையில் பாஸ்வேர்டு?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். சிட்டா எடுக்க, வருமானச் சான்று வாங்க, உதவித்தொகைக்கு மனுப் போட என்று இதுபோன்ற ஊர்களில் இன்று எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான். மனுவைப் பதிவேற்றுபவர் ஒருவர். சரிபார்த்து ஒப்புதல் தருபவர் வேறொருவர். முன்பு அந்த ஒப்புதலுக்குப் பச்சை மைக் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் சாட்சி. இப்போது, சர்வரில் பதிவாகும் யூசர் ஐடிதான் சாட்சி.

அந்த ஐடி அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2020-இல் ஒரு நலத்திட்டத்தில் தமிழ்நாடு பார்த்தது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் செலுத்தும் பிரதமரின் கிசான் திட்டம் அது. தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஏறக்குறைய 110 கோடி ரூபாய் கைமாறியிருந்தது. செப்டம்பரில் அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி இதை வெளியில் சொன்னார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என நீண்ட பட்டியலில், கண்ணமங்கலம் அடங்கிய திருவண்ணாமலை மாவட்டமும் இருந்தது. சிபிசிஐடி விசாரித்தது, தரகர்கள் கைதானார்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள்.

இதற்காக யாரும் சர்வரை உடைக்கவில்லை. வேளாண் அலுவலர்களின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தரகர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். சரியான ஐடி, சரியான பாஸ்வேர்டு. சர்வர் கதவைத் திறந்துவிட்டது. விசைப்பலகையில் இருப்பது எந்த விரல் என்று அதற்குத் தெரியாது.

பாஸ்வேர்டைத் திருடனிடமிருந்து காக்க விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ள 1961-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழு ஓர் அமைப்பை உருவாக்கியது. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்தது அதில்தான் என்பார்கள். மறு ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரம் போதாமல், பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி துளை அட்டையில் கட்டளை கொடுத்தார். கம்ப்யூட்டரும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது!

அதனால், நன்றாக அமைக்கப்பட்ட சர்வர் எதுவும் இன்று பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. ஒரு வழிக் கணக்கு ஒன்றில் அதைப் போட்டு, வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதற்கு ஹேஷ் என்று பெயர். விடையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்ப வழியில்லை. ஒரே பாஸ்வேர்டை இருவர் வைத்திருந்தாலும் விடை வேறாக இருக்க, ஆளுக்கொரு தற்செயல் எண்ணையும் சேர்த்துக் கலக்கிறார்கள். 'உப்பு' என்று அழைக்கப்படும் இந்த உத்தியை, யூனிக்ஸ் இயங்குதளத்தை வைத்து 1979-இல் ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் விளக்கி எழுதினார்கள். சர்வரைக் கட்டிக் காக்கும் நிர்வாகிக்கே உங்கள் பாஸ்வேர்டு என்னவென்று தெரியாது. ஆனால் நீங்களாகவே அதை ஒருவரிடம் சொல்லிவிட்டால் இந்தக் கணிதம் எதுவும் உதவாது.

அப்போது சேதத்தைக் கட்டுப்படுத்தத்தான் அனுமதி நிலைகள் வருகின்றன. லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பைப் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண்கள் உண்டு. பயனாளிகள் பட்டியலுக்கு 640 என்று அனுமதி கொடுத்தால், உரிமையாளர் படிக்கலாம், திருத்தலாம் (4+2). அவருடைய குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம் (4). மற்ற யாருக்கும் எதுவும் இல்லை (0). "அடிக்கடி தடை வருது சார்" என்று அலுத்துக்கொண்டு யாராவது 777 போட்டால், அந்த சர்வரில் நுழைந்த எவரும் பட்டியலை மாற்றலாம். அரசு இணையதளங்களில் இதே வேலையைப் பதவிவாரியான லாகின்கள் செய்கின்றன.

ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு துளி அதிகாரமும் வேண்டாம் என்று 1975-இலேயே கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதினார்கள். முக்கியமான வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். வங்கி லாக்கர் திறக்க வாடிக்கையாளர் சாவியோடு வங்கியின் சாவியும் வேண்டுமே, அதுபோல. பதிவேற்றும் கையும் ஒப்புதல் தரும் கையும் ஒன்றாகிவிட்டால், சரிபார்ப்பு என்பது பெயரளவுக்குத்தான்.

என் பார்வையில், தாற்காலிகப் பணியாளரை வேலைக்கு எடுத்துவிட்டு அவருக்கென்று லாகின் தராத அலுவலகம், அதிகாரியின் பாஸ்வேர்டைப் பகிரச் சொல்லித் தூண்டுகிறது. குவிந்து கிடக்கும் மனுக்களை யாராவது முடித்தாக வேண்டும். துண்டுச் சீட்டில் பாஸ்வேர்டு கைமாறுகிறது. மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்கு மருந்தல்ல. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் அறிவுறுத்திவிட்டது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். அலுவலரின் செல்போனுக்கு ஓடிபி அனுப்புவது பயன் தரும், அவர் அதையும் போனில் வாசித்துக் காட்டாத வரை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் உட்கார்ந்து பதிவேற்றும் தம்பிக்கோ தங்கைக்கோ, பதிவேற்ற மட்டும் அனுமதியுள்ள தனி லாகின் கேட்டு இன்றே மேலிடத்துக்கு எழுதுங்கள். அவர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே அதை முடக்கச் சொல்லுங்கள். உங்கள் ஐடியில் நடந்த எதற்கும் சர்வர் உங்கள் பெயரைத்தான் எழுதி வைக்கும்.