எச்ஐவி-க்கு ஏன் மூன்று மருந்து?

எச்ஐவி இருக்கிறவங்களுக்கு ஏன் ஒரே மருந்து போதாது, ஏன் பெரும்பாலும் மூணைச் சேர்த்துக் கொடுக்கிறாங்க? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான்.

1987-ல் ஏசெட்டி என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆரம்பத்தில் பலன் தெரியும். கொஞ்ச காலத்தில் வைரஸ் மாறிவிடும், மருந்து வேலை செய்யாது. அடுத்த மருந்துக்கு மாத்தினாலும் அதே கதைதான். ஆட்கள் இறந்துகொண்டே இருந்தார்கள்.

தொற்று வந்து பல வருஷம் வரை ரத்தத்தில் வைரஸ் அளவு பெரிதாக மாறாது. அதனால் அது கிட்டத்தட்ட தூங்குது என்றே பலர் நினைத்தார்கள். நியூயார்க்கின் ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையம் இதைச் சந்தேகப்பட்டது. அது மருந்து கம்பெனி இல்லை. ஒரு அறக்கட்டளையின் பணத்தில் 1991-ல் தொடங்கியது. இயக்குநர் டேவிட் ஹோ.

நம்ம சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின சந்தேகம். க்யூ நீளம் மாறலைன்னா சர்வர் சும்மா இருக்குன்னு அர்த்தமில்லை. வர்ற வேகமும் போற வேகமும் ஒண்ணா இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி: உள்ளே வர்றதை நிறுத்திட்டு, க்யூ எவ்வளவு வேகமா காலியாகுதுன்னு பாருங்க.

ஹோ குழு அதைத்தான் செய்தது. அபாட் நிறுவனம் அப்போது சோதித்துக்கொண்டிருந்த ரிட்டோனவிர் மருந்தை 20 பேருக்குக் கொடுத்து வைரஸ் பெருகுவதைத் தடுத்தார்கள். ரத்தத்தில் இருந்த வைரஸ் சுமார் 2 நாளில் பாதியானது. 1995 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் இது வந்தது. அதே இதழில் ஜார்ஜ் ஷா குழுவும் தனியாக இதே முடிவைச் சொன்னது. 1996-ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆலன் பெரெல்சன், ஹோவுடன் சேர்ந்து கணக்கை இன்னும் துல்லியமாக்கினார்: ஒருவர் உடலில் தினமும் சராசரியாக 1,000 கோடி புது வைரஸ்!

எச்ஐவி-யின் மரபுக் குறியீடு சுமார் 10,000 எழுத்து. நகலெடுக்கும்போது அடிக்கடி பிழை விடும். இத்தனை நகல் என்றால், ஒரு மருந்தை ஏமாற்றும் மாற்றம் ஏதோ ஒரு நகலில் ஏற்கனவே இருக்கும். ஆனால் மூன்று மருந்தையும் ஏமாற்றும் மாற்றங்கள் ஒரே நகலில் சேர்ந்து அமைவது மிக அரிது. மூன்றைச் சேர்த்துக் கொடுக்கும் முறைக்கு உறுதியான காரணம் இங்கே கிடைத்தது. 1996 முதல் அது பரவ, அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் வேகமாகக் குறைந்தன.

மருந்து கம்பெனியிலிருந்து வந்தது. அதை ஒரு அளவுகோலாக வைத்து வைரஸின் வேகத்தை அளந்தது வெளியே இருந்த ஆய்வகங்கள். ரெண்டுமே தேவைப்பட்டது.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம். சில செல்களுக்குள் வைரஸ் நிஜமாகவே தூங்குது; மருந்து அங்கே எட்டாது. மாத்திரையை நிறுத்தினால் அது திரும்பப் பெருகும். அதனால்தான் ஒருநாளும் விடாமல் சாப்பிடச் சொல்றாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.