அவரிடமும் கேளுங்கள்

மூளைத்தண்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கைகால்களும் நாவும் அசைவற்றுப் போனவரைக் கண்டதும், ‘நினைவு போய்விட்டது’ என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுவதுண்டு. எப்போதும் அது உண்மையன்று. மூளைத்தண்டின் முன்பகுதி மட்டும் பழுதுற்றால், அறிவும் செவியும் நலமாயிருக்க, கண்களை மேலும் கீழும் அசைக்கவும் இமைக்கவும் மட்டுமே இயலும் நிலை ஏற்படலாம்.

பிரான்சு நாட்டுப் பத்திரிகையாசிரியர் ழான் தொமினிக் போபி 1995 டிசம்பரில் இந்நிலைக்கு ஆளானார். பிறர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, உரிய எழுத்தில் இடது இமையைச் சிமிட்டியே ஒரு நூலை எழுதுவித்தார். 1997 மார்ச்சில் அது வெளிவந்தது. அதே மாதம் அவர் மறைந்தார்.

ஷாஃபிஈ மத்ஹபின்படி, அறிவுள்ளவரை தொழுகைக் கடமை நீங்குவதில்லை; கண்ணிமையால் சைகை செய்தும், அதுவும் இயலாவிடில் உள்ளத்தாலும் தொழ வேண்டும். மார்க்கம் பொறுப்புள்ள மனிதராக மதிப்பவரை நாம் மறந்துவிடலாமா?

ஆகவே, தொண்டையில் துளையிடுவதா, குழாய்வழி உணவூட்டுவதா, வீட்டிற்கு அழைத்துச் செல்வதா என்று பிள்ளைகள் மஷூரா செய்யுமுன், அவருக்கு நினைவுண்டா எனச் சோதிக்க மருத்துவரிடம் கேளுங்கள். “ஆம் என்றால் மேலே பாருங்கள், வாப்பா, இல்லையென்றால் கீழே பாருங்கள்” என்று பல வேளைகளில் கேட்டுப் பாருங்கள். மறுமொழி தெளிவானால், அந்த மஷூராவில் முதல் இடம் அவருக்கே.

அல்லாஹ் நோயாளிகள் யாவருக்கும் ஷிஃபா அளிப்பானாக!