சூடா, வெறும் அதிர்ஷ்டமா? ஃபேன்டஸி பேஸ்பாலில் கடைசி 15 நாள் கணக்கைப் படிப்பது எப்படி

ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கடைசி இரண்டு வாரமாக வெளுத்து வாங்குகிற ஆளை எடுக்கலாமா? அவருக்கு இடம் பண்ண, இரண்டு வாரமாகச் சொதப்பிக்கொண்டிருக்கும் ஆளைக் கழற்றிவிடலாமா? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டு நான் எழுதி வைத்திருந்த குறிப்புகளை இங்கே தொகுக்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய விளையாட்டு. அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அதற்கு 'ரொட்டிசெரி' என்றே பெயர் வந்துவிட்டது. நிஜ மேஜர் லீக் ஆட்டக்காரர்களை வைத்து ஒவ்வொரு மேனேஜரும் கற்பனை அணி ஒன்றை அமைக்கிறார். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் நிஜமாக எடுக்கும் ஹிட், ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் எல்லாம் இவருடைய கணக்கில் சேரும். ஒரு ஆளை நீங்கள் விட்டுவிட்டால் லீக்கில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் திரும்பக் கிடைக்க மாட்டார்.

இன்னொன்று. பேஸ்பாலின் பேட்டிங் சராசரி, கிரிக்கெட் சராசரி மாதிரி கிடையாது. எத்தனை அட்-பேட்டில் எத்தனை ஹிட் என்கிற விகிதம், அவ்வளவுதான். பத்துக்கு மூன்று, அதாவது 0.300 எடுத்தால் நல்ல பேட்டர்.

ஒரு வாரத்தில் அதிர்ஷ்டம் எவ்வளவு?

12 அணி உள்ள லீக், அணிக்கு 14 பேட்டர்கள். மொத்தம் 168 பேர். ஒரு பேச்சுக்கு, இந்த 168 பேருக்கும் ஒரே திறமை என்று வைத்துக்கொள்வோம். எல்லோருமே அசல் 0.270 பேட்டர்கள், யாரும் யாருக்கும் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 25 அட்-பேட். இப்போது என்ன நடக்கும்?

பைனாமியல் கணக்குப் போட்டால், 25-க்கு 10 ஹிட் அல்லது அதற்கு மேல் எடுக்க வாய்ப்பு சுமார் 11%. 168 பேரில் ஏறத்தாழ 18 பேர் அந்த வாரம் 0.400-க்கு மேல் அடித்திருப்பார்கள். இன்னொரு பக்கம், 3 ஹிட் அல்லது அதற்குக் கீழே முடிக்க வாய்ப்பு சுமார் 6.4%. அதாவது 10, 11 பேர் 0.120-க்கு மேலே போகவே மாட்டார்கள்.

யாருடைய திறமையும் மாறவில்லை, யாருக்கும் காயமில்லை. வெறும் நாணயம் சுண்டுகிற கணக்குதான். ஆனால் உங்கள் திரையில் 18 பேருக்குப் பக்கத்தில் தீப்பிழம்பு ஐகானும், 11 பேருக்குப் பக்கத்தில் பனிக்கட்டி ஐகானும் வந்திருக்கும். அடுத்த வாரமும் வரும், வேறு பெயர்களோடு. இதை ஒரு தடவை நீங்களே பத்து வரி பைத்தானில் ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் 'கடைசி 7 நாள்' பட்டியலைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

1970-ன் 18 பேர்

புள்ளியியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் இருவரும் 1977-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரை. 1970 சீசனில் 18 ஆட்டக்காரர்களின் முதல் 45 அட்-பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 45 அட்-பேட் என்பது நம்முடைய 'இரண்டு வாரம்' மாதிரிதான். அதை வைத்து மீதி சீசனைக் கணிக்க வேண்டும்.

நேரடி வழி: 45-ல் என்ன சராசரியோ அதுவே தொடரும் என்று சொல்வது. இன்னொரு வழி: 18 பேரின் பொதுச் சராசரியான 0.265 பக்கம் ஒவ்வொருவரையும் இழுப்பது. எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஜேம்ஸ்-ஸ்டைன் சூத்திரம் உண்டு. இந்த 18 பேருக்கு அது தந்த எண் 0.212. ஒருவர் பொதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாரோ, அதில் சுமார் 21% மட்டும் நம்பு, மீதி 79% சத்தம் என்று அர்த்தம்.

முடிவு என்ன? இழுத்துப் போட்ட கணிப்பின் மொத்தப் பிழை (வர்க்கங்களின் கூட்டல்) 0.022. நேரடிக் கணிப்பின் பிழை 0.077. மூன்றரை மடங்கு வித்தியாசம். ஆட்டக்காரர்களின் பெயர், வயது, வரலாறு எதையும் பார்க்காமல் கிடைத்த லாபம் இது.

எதை நோக்கி இழுப்பது?

அந்தப் பட்டியலில் எனக்குச் சுவாரசியமான ஆள் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. முதல் 45-ல் 18 ஹிட், சராசரி 0.400. சூத்திரம் அவரை 0.294-க்கு இழுத்தது. மீதி சீசனில் அவர் அடித்தது 0.346. அதாவது, அப்படியே விட்டிருந்தாலும் தப்பு, இழுத்ததும் தப்பு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

காரணம் எளிது. சூத்திரத்துக்கு அவர் கிளெமென்ட்டே என்று தெரியாது. பதினெட்டில் ஒருவர் என்றுதான் தெரியும். ஆனால் மேனேஜருக்குத் தெரியும், ஏற்கெனவே நான்கு முறை லீக்கின் பேட்டிங் பட்டம் வாங்கியவர் என்று. 1967 முதல் 1969 வரை மூன்று வருடத்தையும் சேர்த்தால் அவருடைய சராசரி சுமார் 0.333. அதே 21% விதியை வைத்து, 0.265-க்குப் பதிலாக அந்த 0.333 பக்கம் இழுத்தால் 0.347 வருகிறது. இவ்வளவு துல்லியமாக வந்தது தற்செயல்தான், ஒரு ஆளை வைத்து எதுவும் நிரூபணமாகாது. ஆனால் திசை சரி: ஆளை அவருடைய சொந்த வரலாற்றை நோக்கி இழுக்க வேண்டும்.

வரலாறே இல்லாத ஆள் என்றால்? அதே பட்டியலில் தர்மன் மன்சன் இருக்கிறார். யாங்கீஸின் புது கேட்சர். முதல் 45-ல் வெறும் 8 ஹிட், 0.178. மீதி சீசனில் 0.316 அடித்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கினார். சொந்த வரலாறு கையில் இல்லாதபோது பொதுச் சராசரிதான் நமக்குப் பிடிமானம். அதுவே 0.178-ஐவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

எந்த எண் சீக்கிரம் பேசும்?

அப்படியென்றால் இரண்டு வாரக் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். எல்லா எண்ணும் ஒரே வேகத்தில் உண்மையைச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

ரஸ்ஸல் கார்ல்டன் செய்த, பலரும் எடுத்தாளும் ஆய்வுக் கணக்குப்படி, ஒரு பேட்டரின் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தில் ஏறத்தாழ பாதி உண்மை தெரிய, வாக்கும் சேர்த்து அவர் 60 முறை பேட் பிடித்தால் போதும். வாக் விகிதத்துக்கு 120 முறை. ஹோம் ரன் விகிதத்துக்கு 170. மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆனது என்கிற எண்ணுக்கு (சுருக்கமாக பேபிப் என்பார்கள்) 820 பந்துகள் வேண்டும். அது முழுசாக ஒரு சீசனுக்கும் மேலே.

தினமும் ஆடுகிற ஒருவர் 15 நாளில் ஏறத்தாழ 60 முறை பேட் பிடிப்பார். ஆகவே 15 நாள் கணக்கில் காது கொடுத்துக் கேட்க வேண்டியது ஸ்ட்ரைக்அவுட் விகிதம். கேட்கவே கூடாதது பேபிப். லீக் முழுக்க பேபிப் 0.300-ஐ ஒட்டியே இருக்கும். ஒருவர் இரண்டு வாரம் 0.360 அடிக்கிறார், அவருடைய பேபிப் 0.450 என்றால், பந்து ஃபீல்டர்கள் இல்லாத இடமாகப் பார்த்து விழுகிறது. அது நீடிக்காது.

2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் இருக்கிறது. பந்து பேட்டிலிருந்து என்ன வேகத்தில், என்ன கோணத்தில் கிளம்பியது என்று அளக்கிறது. மணிக்கு 95 மைல் தாண்டினால் பலமான அடி என்று கணக்கு. சராசரி 0.180-க்கு இறங்கியும் பலமான அடிகளின் விகிதமும் ஸ்ட்ரைக்அவுட் விகிதமும் போன வருடம் போலவே இருந்தால், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிட்சர்களுக்கும் இதே கதை. மூன்று ஆட்டம், 18 இன்னிங்ஸ். அதில் ஒரே ஒரு மோசமான இன்னிங்ஸில் 5 ரன் போனால், அது மட்டுமே ஈஆர்ஏவை 2.50 ஏற்றிவிடும். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆனால் ஃபாஸ்ட்பால் வேகம் ஒவ்வொரு பந்துக்கும் அளக்கப்படுகிறது. போன வருடம் இதே மாதத்தைவிட 2 மைல் குறைந்திருந்தால், ஈஆர்ஏ அழகாக இருந்தாலும் எனக்குக் கவலை வரும்.

இரண்டு பத்துகள்

2006 ஏப்ரலில் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் 10 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடம் முடியும்போது மொத்தம் 16. ஜூலைக் கடைசியில் மைனர் லீக்குக்கே அனுப்பிவிட்டார்கள்.

2009-ல் டொரொன்டோவின் ஹோசே பவுடீஸ்டா மொத்தம் அடித்த 13 ஹோம் ரன்னில் 10, செப்டம்பர் தொடங்கிய பிறகு வந்தவை. அதுவரை எந்த சீசனிலும் அவர் 16-ஐத் தாண்டியதில்லை. 2010-ல் அடித்தது 54, அதற்கடுத்த வருடம் 43.

இரண்டுமே பத்துதான். எண்ணை மட்டும் பார்த்தால் பிரிக்கவே முடியாது. ஆனால் பவுடீஸ்டா விஷயத்தில் எண்ணுக்கு வெளியே இரண்டு காரியம் நடந்திருந்தது. முன்கூட்டியே அசைவைத் தொடங்கும்படி தன் ஸ்விங்கை மாற்றியிருந்தார். ஆகஸ்டில் அலெக்ஸ் ரியோஸ் வேறு அணிக்குப் போனதால் தினமும் ஆட இடமும் கிடைத்திருந்தது. ஆகவே ஒரு ஆள் திடீரென்று எகிறும்போது நான் முதலில் தேடுவது காரணத்தை. புது ஸ்விங், புது வகைப் பந்து, பேட்டிங் வரிசையில் மேலே ஏற்றம், காயம் ஆறியது, இப்படி ஏதாவது ஒன்று. காரணம் கிடைத்தால் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தலாம். கிடைக்கவில்லையென்றால் பழைய வரலாறுதான் பேச வேண்டும்.

விடுவதற்கு முன்

கடைசியாக, நிகழ்தகவு மட்டும் போதாது, விலையும் பார்க்க வேண்டும். பெஞ்சில் கிடக்கும் கடைசி ஆளை விட்டு, சூடான ஒருவரை எடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பலிக்காவிட்டால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் ரவுண்டில் எடுத்த ஆளை விடுவது திரும்பி வராத முடிவு.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2012-ல் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். ஏப்ரல் முழுக்க 0.217, ஒரு ஹோம் ரன் கூட இல்லை. முதல் ஹோம் ரன் மே 6-ல்தான் வந்தது. சீசன் முடிவில் 0.285, 30 ஹோம் ரன், 105 ஆர்பிஐ. அதற்கு முந்தைய வருடம் 0.299, 37 ஹோம் ரன். அதாவது ஏப்ரல் முழுப் பொய்யும் சொல்லவில்லை. ஆள் கொஞ்சம் இறங்கியிருந்தார். ஆனால் அந்த இறக்கம் ஏப்ரல் காட்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

சமீபத்திய ஆட்டத்தில் உண்மை இருக்கிறது, கொஞ்சமாக இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மீதிக்கு ஆளின் கடந்த மூன்று வருடத்தைப் பாருங்கள். அலுவலகத்தில் யாருக்காவது அப்ரைசல் எழுதும்போதும் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன். கடைசி ஒரு ஸ்பிரின்ட்டை மட்டும் பார்த்து ஒருவரை எடைபோட்டால், நாம் பெரும்பாலும் அளப்பது அவரையல்ல, அந்த இரண்டு வாரத்தைத்தான்.