டிக்கெட்டில் ஒன்றரை மணி, வானத்தில் நான்கு மணி

பாசிர் பெனம்பாங்கில் இருக்கும் என் பாட்டியை முதன்முறையாக விமானத்தில் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். பாட்டியின் அப்பா கப்பலில் வந்து, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை.

டிக்கெட்டில் புறப்பாடு காலை 9.00, வருகை காலை 10.25 என்று இருந்தது. "ஒன்றரை மணி நேரம்தான் பாட்டி, இறங்கியதும் சாப்பிடலாம்" என்றேன். பாட்டிக்கு இனிப்புநீர் உண்டு. விடியற்காலை 5 மணிக்கு மாத்திரையும் இரண்டு துண்டு ரொட்டியும் சாப்பிட்டதோடு சரி. சிப்பாங் விமான நிலையத்திற்குச் சுமார் 100 கிலோமீட்டர் காரில் போக வேண்டுமே!

என் கடிகாரத்தில் மணி 11-ஐத் தாண்டியது. கீழே இன்னும் கடல்தான். பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பணிப்பெண் உடனே கொடுத்த ஆரஞ்சுச் சாறு காப்பாற்றியது.

விமானம் தாமதமாகவில்லை. என் கணக்குத்தான் தவறு.

மாணவர்களே, டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். கிரீன்விச் நேரத்தைவிட மலேசியா 8 மணி நேரமும் இந்தியா ஐந்தரை மணி நேரமும் முன்னால் உள்ளன. வேறுபாடு இரண்டரை மணி. சென்னையில் காலை 10.25 என்றால் இங்கே மதியம் 12.55. ஆகவே பயண நேரம் 3 மணி 55 நிமிடம்.

தூரத்தை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால், ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான கோணம் பூமியின் மையத்தில் சுமார் 23.6 பாகை. பெருக்கினால் சுமார் 2,600 கிலோமீட்டர். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலே மூன்று மணி நேரத்திற்கு மேலாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, வான்வழியின் வளைவுகள் எல்லாம் சேர்ந்தால் நான்கு மணியை நெருங்கிவிடும். ஒன்றரை மணியில் போய்ச் சேரவே முடியாது! இந்தப் பெருக்கலை முதலிலேயே செய்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இந்த இரண்டரை மணி வேறுபாடும் எப்போதும் இருந்ததில்லை. 1982 பிறக்கும்போது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணிதான்.

திரும்பும் டிக்கெட்டில் புறப்பாடு காலை 11.30, வருகை மாலை 6.00. பாட்டி பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரமா, கண்ணு?" என்று பயந்தார்.

"இல்லை பாட்டி. வரும்போது இரண்டரை மணியைக் கழிக்க வேண்டும். நாலு மணி நேரம்தான்."

இம்முறை மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உரிய நேரத்தை மருத்துவரிடம் கேட்டு, தாளில் எழுதி வைத்திருந்தேன். பையில் பிஸ்கட்டும் இருந்தது.