52 சனிக்கிழமை, 12 தவணை

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமைதான். வங்கித் தவணையோ மாதத்துக்கு ஒன்று. வாரக்கூலியில் ஓடும் ஒரு குடும்பம் மாதத் தவணையைத் தவறாமல் கட்டி, அடமானத்தில் இருந்த வீட்டை மீட்க முடியுமா? முடியும். நாங்கள் மீட்டோம். எப்படி என்று கேட்டு அக்கம்பக்கத்தில் பலர் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் வைத்திருந்தார். வீட்டுக்கு முன்னால் தகர ஷெட், அதில் எட்டு மெஷின். கம்பெனியில் கட்டிங் முடிந்த துணி வரும். தைத்துக் கொடுத்தால் பீஸ் கணக்கில் கூலி. மெஷின் வாங்க வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தோம். 2022-ல் நூல் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த மே மாதம் ஊரே இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது. எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிக்கு ஆர்டர் நின்றது. தைத்துக் கொடுத்த கூலியும் நின்றது. மூன்று மாதத் தவணை விழுந்தது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். அதன்பிறகு வருவதுதான் சர்ஃபேசி நோட்டீஸ். 2002-ம் ஆண்டுச் சட்டம் அது. கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிறது. எங்களுக்கு வந்த நோட்டீஸில் ஒன்பதரை லட்சம் கேட்டிருந்தார்கள், 60 நாள் கெடு.

நோட்டீஸ் வந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: வீடு போயிற்று. ஆனால் அந்த 60 நாளில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் தரலாம். தந்தால், அதை ஏற்கிறார்களா இல்லையா என்று காரணத்தோடு 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கெடு முடிந்து வங்கி சொத்தைக் கையகப்படுத்தினால்கூட, 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்கள் பக்கத்துக்கு அது கோவையில் இருக்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே சொல்கிறது. வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் இருந்தது. அதனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நானே மனு எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரங்களில் உதவுகிறேன் என்று வீடு தேடி வந்தவர்களும் உண்டு. "ஒரு லட்சம் தர்றேன், தவணையைக் கட்டிப்போடுங்க, பத்து வட்டிதான்" என்றார் ஒருவர். பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் 10,000. வருடம் திரும்பும்போது வட்டியே அசலைத் தாண்டிவிடும். கந்துவட்டியைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நோட்டீஸ் வந்த வீட்டு வாசலில் அந்த வட்டி இன்னும் நிற்கிறது. வங்கிக் கடனுக்கு நோட்டீஸ், பதில், தீர்ப்பாயம், குறைதீர்ப்பாளர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு விதி இருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பதுவரை ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பத்து வட்டிக்கு எந்த விதியும் இல்லை. விதி உள்ள கடனை விதி இல்லாத கடனால் அடைக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எங்கள் கணக்கு 2023 பிப்ரவரியில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்துக்குப் போனது. லோக் அதாலத் என்பார்களே, அதுதான். அதற்கு முன்பே வங்கியில் பேச்சு நடந்தது. அபராதத்தையும் வட்டியில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு இறங்கினார்கள். மெஷின்களை விற்று 1 லட்சத்து 20 ஆயிரம் உடனே கட்டுவதாகச் சொன்னோம். மீதி 7 லட்சத்து 20 ஆயிரம். "மாதம் 30,000, இரண்டு வருடத்தில் முடித்துவிடுங்கள்" என்றார் வங்கி அதிகாரி. "சரிங்க, கட்டிப்போடலாம்" என்று வீட்டுக்காரர் தலையாட்டப் போனார். அவமானத்தில் இருக்கும் மனுசன் எந்தத் தொகைக்கும் சரி என்றுதான் சொல்வார்.

வக்கீல் அம்மா குறுக்கிட்டார். "நல்லா வேலை ஓடுற மாசத்தைச் சொல்லாதீங்க. வருசத்துலயே கை காய்ஞ்ச மாசம் எது, அதுல என்ன வரும், அதைச் சொல்லுங்க" என்றார்.

திருப்பூரில் அந்த மாதத்தைச் சொல்ல யோசிக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஊர் காலியாகும். போன ஆட்கள் திரும்பி வந்து லைன் ஓட ஆரம்பிக்கப் பல நாள் ஆகும். வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் டெய்லராகப் போய்விட்டார், நான் செக்கிங் வேலைக்குப் போனேன். ஷெட்டை வாடகைக்கு விட்டோம். எல்லாம் சேர்த்து, சுமாராக வேலை இருக்கும் வாரத்தில்கூட 5,000 ரூபாய் எடுத்து வைக்கலாம். அதற்கு மேல் முடியாது. மாதம் 20,000 என்றால் 36 தவணை. அதைத்தான் சொன்னோம். வங்கி முதலில் ஒப்பவில்லை. நீதிபதியும் வக்கீலும் இருந்த அமர்வு, 24 தவணை பேசி எட்டாம் மாதம் நிற்பதைவிட 36 தவணை முழுதாக வருவது வங்கிக்கும் நல்லதுதானே என்று கேட்டது. ஒத்துக்கொண்டார்கள்.

மக்கள் நீதிமன்ற உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதற்கு அப்பீல் கிடையாது. இது இரண்டு பக்கமும் வெட்டும். சொன்ன தொகைக்கு மேல் வங்கி கேட்க முடியாது. நாம் தவறினால், உத்தரவை நிறைவேற்றச் சொல்லி வங்கி நேரே கோர்ட்டுக்குப் போகலாம். எங்கள் உத்தரவில், தவறினால் தள்ளுபடி ரத்தாகும் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

அப்புறம்தான் சனிக்கிழமைக் கணக்கு. எங்கள் பெண் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, வருசத்துக்கு 52 சனிக்கிழமை. 48 சனிக்கிழமை எடுத்து வெச்சாலே 12 தவணையும் முடிஞ்சிரும். நாலு மிச்சம்." அஞ்சு சனிக்கிழமை வரும் மாதத்தில் அந்த அஞ்சாவது சனிக்கிழமையின் 5,000 தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்குப் போனது. வருடத்துக்கு 20,000. சரியாக ஒரு தவணை. தீபாவளி முடிந்து வேலை இல்லாத வாரங்களை அந்தப் பணம் தாங்கியது.

சம்பளக் கவர் வந்ததும் முதலில் 5,000. அப்புறம்தான் மளிகை. மீன் எடுக்கும் ஞாயிறு குறைந்தது. சொந்தத்தில் கல்யாணம் வந்தால் ஒரே அளவு மொய்தான். மாமியார் தன் வளையலைக் கழற்றிக் கொடுக்க வந்தார். "வேண்டாங்கத்தை, அது கடைசிக்கு இருக்கட்டும்" என்றேன். கடைசிவரை அதைத் தொட வேண்டி வரவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து வந்த மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைப் பையனின் பள்ளிச் செலவுக்கு என்று ஒதுக்கினேன். கடன் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று பிள்ளைகள் இருவருக்கும் தெரியும். மறைத்திருந்தால், ஏன் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்ததால் அவர்களும் எங்களோடு சேர்ந்து கட்டினார்கள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

தவணை முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. கடன் தீர்ந்ததற்கான கடிதம் வாங்க வேண்டும். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும்; வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டது. அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட வேண்டும். சிபில் போன்ற நிறுவனங்களின் கடன் அறிக்கையை வருடம் ஒருமுறை இலவசமாக வாங்கலாம். தள்ளுபடி பெற்று முடித்த கடன் அதில் "செட்டில்டு" என்று வரும். முழுதாகக் கட்டி முடித்ததற்கு "க்ளோஸ்டு". செட்டில்டு என்று இருந்தால் சில வருடங்களுக்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். தள்ளுபடிக்கு அந்த விலை உண்டு என்று தெரிந்துதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். வீடு எங்களுக்கு அதைவிடப் பெரிது.

ஒப்புக்கொண்ட தொகையை ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய் எழுதிக் கொடுங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் இன்றைக்கே பதில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போகும்போது உங்கள் வருடத்தின் மோசமான மாதத்தில் கைக்கு என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கட்டும்.