முத்திரையும் உரையளவையும்

அங்காடியில் விற்கும் சட்டைகளின் கழுத்துச் சீட்டிலே, 'அறநெறியில் ஆக்கப்பட்டது' என்னும் வாசகம் இந்நாளிற் பெருவழக்காயிற்று. செயப்பாட்டுவினை, ஆக்கியவர் யாரென்பது மறைந்தே நிற்கின்றது. இதனை நம்புவது எங்ஙனம்?

நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனையும் அறிவின் வாயில்களுள் தலையாயினவாகக் கொண்டனர். துணியின் நெசவு காண்டலுக்குப் புலனாம். தைத்தவள் பெற்ற கூலி புலனாகாது. விலை மிகத் தாழ்ந்ததாயின் யாரோ ஒருவர் வயிறு காய்ந்ததெனக் கருதலாம். உயர்ந்ததாயின் கூலியும் உயர்ந்ததெனக் கருதுதற்கில்லை. எஞ்சியது உரை. அதற்கோ சொல்வோன் ஆப்தனாதல் வேண்டும்: பொருளை உள்ளவாறு அறிந்தவனாயும், பொய்யால் ஊதியம் பெறாதவனாயும் இருத்தல் வேண்டும். வணிகன் தன் சரக்கைத் தானே புகழ்வது இவ்விலக்கணத்துள் அடங்காதென்பதை என் மாணாக்கரும் அறிவர். மூன்றாமவர் ஒருவர் முத்திரையிடும்போதே நாம் மயங்குகின்றோம்.

கராச்சி நகரத்து அலி என்ரபிறைசஸ் ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்ட் மாதத்தில் எஸ்.ஏ. 8000 என்னும் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்தது. செப்டெம்பர் 11 ஆம் நாள் அங்கே தீ மூண்டது. 250 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டதென 2020 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மெய்தான், ஆயினும் சாளரங்களுக்குக் கம்பியிட்டதும் வாயில்களைப் பூட்டிவைத்ததும் தீ வைத்தவரின் செயலன்று. அவற்றைக் காணாத சோதனை எத்தகையது? இத்தகைய சோதனைக்குப் பெரும்பாலும் கட்டணம் செலுத்துவது சோதிக்கப்படும் தொழிற்சாலையே என்பதை அறிந்தால் வியப்பு நீங்கும். பரீட்சகருக்கு மாணாக்கனே வேதனம் கொடுப்பது போன்றதிது.

நம் நாட்டுப் பெண்கள் தைக்கும் ஆடைகளும் இத்தகைய சீட்டுக்களோடு கடல் கடந்து செல்கின்றன. ஆகவே இஃது அயலார் வழக்கென்று நாம் வாளாவிருத்தற்கில்லை.

2013 ஏப்ரல் 24 இல் வங்காள தேசத்து ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டபின், மே மாதத்தில் மேனாட்டு ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு ஓர் உடன்படிக்கை செய்தன. அது வெறும் வாக்குறுதியன்று, சட்டத்தாற் பிணிப்பது. பரிசோதகர் கண்ட குறைகள் தொழிற்சாலையின் பெயரோடு யாவரும் படிக்க வெளியிடப்பட்டன. இங்கே எழுவாய் உண்டு. பிழைத்தால் வழக்காட இடமும் உண்டு. கூலியைப்பற்றி அவ்வுடன்படிக்கை பேசவில்லை. தீயும் கட்டடமுமே தன் எல்லையென அதுவே சொல்லிற்று; அவ்வளவிற்கு அதனை நான் நம்புவேன்.